பாட்டு ஓடுகிற நேரம்

கார்ட்டூன் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று அத்தை ஒருநாளும் கேட்டதில்லை. எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றுதான் கேட்பாள்.

டிவியில் புதுப் படம் வந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் அவளிடம் ஓடிப்போய்ச் சொல்லியாக வேண்டும். வில்லனுக்கு எத்தனை தலை, யார் யாரை அடிக்கிறார்கள் என்றெல்லாம் நாங்கள் மூச்சு வாங்கச் சொல்வோம். அவளுக்கு அது காதில் ஏறாது. "அதெல்லாம் கெடக்கட்டும்லே. மொதல்ல வர்ற பாட்டு எப்படி? நீளமா இருக்கா? நீங்க கூடச் சேந்து பாடுறாப்புல இருக்கா, இல்ல சும்மா டமடமன்னு கொட்டா?" என்பாள். பாட்டு நீளமாக இருந்து, அதில் வார்த்தைகள் இருந்து, பிள்ளைகள் வாய்விட்டுப் பாடினால் அந்தப் படம் அவள் வீட்டில் ஓடலாம். இல்லாவிட்டால் கதை தங்கமாக இருந்தாலும் சேனலை மாற்றிவிடுவாள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். எனக்கும் அத்தை, பிற்பாடு என் மகளுக்கும் அத்தை. முறை சரியா என்று யாரும் பார்த்ததில்லை.

சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாமார் எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்கோ அச்சாபீசுக்கோ போகிறவர்கள். பள்ளிக்கூடம் சாயங்காலம் விட்டுவிடும். கம்பெனி பஸ் வந்து சேர இருட்டத் தொடங்கிவிடும். நடுவில் இருக்கிற அந்த நேரத்துக்கு எங்களுக்கு அத்தை வீடு. மாமா திருப்பூர்ப் பக்கம் போனவர், பண்டிகைக்கு மட்டும் தலைகாட்டுவார். பிள்ளை குட்டி கிடையாது. முன்னறையில் டிவி, அதைத் தாண்டி இருட்டான ஒரு நடை, நடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை. அந்தப் பின்னறையில் அத்தை பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைத்துக்கொண்டிருப்பாள்.

பற்ற வைத்தால் பூவாகச் சொரியுமே, அந்தப் பூச்சட்டிதான். கம்பெனியில், தள்ளித் தள்ளிக் கட்டிய அறையில், லைசென்ஸோடு செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் செய்தால் குற்றம். ஏஜெண்ட் ஒருவன் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான், பெட்டியாக எடுத்துப் போவான். தெருவுக்கே தெரியும். தெரியாதது போல இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எங்கள் தெருவுக்கு அது ரத்தத்திலேயே இருந்தது.

மருந்து புழங்குகிற அறையில் கதவை அடைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. பிடித்துக்கொண்டால் ஓடுவதற்கு வழி திறந்தே கிடக்க வேண்டும். அத்தை கம்பெனியில் வேலை பார்த்துப் பழகியவள், அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். பின்னறைக்கு இருந்த கதவையே கழற்றிப் போட்டுவிட்டாள். வாசலில் ஈரச் சாக்கு ஒன்று தொங்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் ஓடுவதற்குத் திறந்திருக்கிற வாசல், பிள்ளைகள் நுழைவதற்கும் திறந்துதானே இருக்கும்? அதற்குத்தான் அவளுக்குப் பாட்டு வேண்டியிருந்தது.

கலந்த மருந்தைச் சல்லடையில் சலிக்கிற நேரம் பொல்லாத நேரம். உரசல் ஆகாது. பதற்றம் ஆகாது. ஒரு பிள்ளை ஓடிவந்து முதுகில் விழுந்தால் முடிந்தது கதை. நாங்களோ ஒரு இடத்தில் நிற்காத வானரங்கள். படம் ஓடும்போதுகூட ஒருத்தன் தண்ணீர் கேட்பான், ஒருத்தி சண்டை பிடிப்பாள். தொடக்கப் பாட்டு வரும்போது மட்டும் ஒருத்தரும் அசைய மாட்டோம். அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள் அத்தை. அடுத்தடுத்துக் கதை மாறும்போதெல்லாம் மறுபடி அதே பாட்டு வரும். பாட்டு வந்தால் அவள் சல்லடையை எடுப்பாள். பாட்டு முடிந்தால் கீழே வைத்துவிடுவாள்.

நாங்கள் பாட வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். எங்கள் சத்தம் மொத்தமாகக் கேட்டால் எல்லோரும் முன்னறையில் இருக்கிறோம் என்று அவளுக்கு உறுதி. கடைசி வரைக்கும் பாடியவர்களுக்குக் காரச்சேவு உண்டு. பாட்டின் நடுவில் எழுந்தவனுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடையாது, முதுகில் ஒன்று வேண்டுமானால் கிடைக்கும்.

சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அத்தைக்குப் பாட்டென்றால் உயிர் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு உயிராக இருக்கிறவள் ஒரு பாட்டைக்கூட எங்களோடு உட்கார்ந்து பார்த்ததில்லையே என்று தோன்றியபோது நான் பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு வந்துவிட்டிருந்தேன்.

ஒரு தடவை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பாட்டு பாதி ஓடுவதற்குள் சாக்கு விலகியது. அத்தை நடையில் வந்து நின்றாள். முழங்கை வரைக்கும் வெள்ளி பூசியது போல அலுமினியப் பொடி. முகத்தில் ரத்தமே இல்லை. ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடத்தில் நிறுத்தினாள்.

"ஏன்ட்டி பாடல?"

"தொண்ட வலிக்கி அத்தே."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து ஒரு டம்ளரையும் கரண்டியையும் என் மடியில் வைத்தாள். "வாய் வலிச்சா கையால தட்டு. சும்மா மட்டும் இருக்காத தாயி, ஒன்னய எங்கன்னு நான் தேடுவேன்" என்றாள். என்னை அவ்வளவு பிரியமாக யாரும் தேடியதில்லை என்று அன்றைக்குப் பூரித்துப் போனேன். இப்போது நினைத்தால் குளிர் எடுக்கிறது.

அவளுக்கு மிகவும் பிடித்தது தொப்பி போட்ட நரி ஒன்றின் படம். அதன் பாட்டு சித்திரைத் தேர் மாதிரி, கிளம்பினால் நிலைக்கு வந்து சேராது. நரி வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ஆற்றைக் கடந்து, சந்தையில் தொப்பி வாங்கி, அது சேராமல் திருப்பிக் கொடுத்து, பாட்டுக்குள்ளேயே பெரிய கதை நடந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற கதை சப்பென்று இருக்கும். ஒருநாள் அந்தப் படம் நின்றுபோனது. அத்தை கேபிள்காரரை நடுத்தெருவில் மறித்துக்கொண்டாள்.

"அந்த நரிய எதுக்குய்யா தூக்குனீக?"

"நான் எங்கத்தே தூக்குனேன்? மேலருந்தே நிப்பாட்டிட்டாக."

"மேலன்னா எங்கன? எனக்கு அந்த ஆளக் காட்டுங்க, நான் கேக்குறேன்."

"சின்னப்புள்ளைகளே சும்மா இருக்குதுக, நீங்க இப்படி மல்லுக்கு நிக்கிறீகளே அத்தே" என்று அவர் சிரித்தார். தெருவே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு சேனலாகத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளைத் தெய்வமாக்கிப் பேச எனக்கு இஷ்டமில்லை. எங்களை வைத்துக்கொண்டதில் அவளுக்கும் ஆதாயம் இருந்தது. ஒருநாள் வீடு வீடாகச் சோதனை என்று அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் எங்கள் முன்னறைக்குள் தலையை நீட்டினார். நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். அத்தை சேலைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு வந்து, "வாங்க சார், உக்காருங்க. பூராம் கம்பெனிக்குப் போறவுக பிள்ளைக. அனாதையா தெருவுல திரியக் கூடாதுல்ல" என்றாள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், மோர் வாங்கிக் குடித்தார், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு அத்தை என் தலையைத் தடவி, "புள்ளைக இருக்குற வீட்டுல எவன் சந்தேகப்படுவான்?" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. தடவிய கையில் கந்தக வாசனை அடித்தது.

நான் கல்யாணமாகி விருதுநகர் போனேன். பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தை என்னை உட்காரவைத்துப் புலம்புவாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். "இப்ப வர்ற பாட்டெல்லாம் என்ன பாட்டுடி? தும்முறதுக்குள்ள முடிஞ்சு போகுது. பேரப் போடுறான், ஒரு கொட்டு கொட்டுறான், கதைக்குள்ள குதிச்சிர்றான். என்ன அவசரம் இவனுகளுக்கு?" உண்மைதான். நாங்கள் மூச்சுப் பிடித்துப் பாடியதெல்லாம் போய், நாலு வரியாகி, ஒரு வரியாகி, வார்த்தையே இல்லாத வெறும் சத்தமாகிவிட்டது. பிள்ளைகளும் பாடுவதில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். முன்னறையில் இருக்கிறார்களா இல்லையா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

"அப்ப எப்படி அத்தே சமாளிக்கிறீக?" என்று கேட்டேன்.

"பாதிப் பாதியாச் சலிக்கிறேன்" என்றாள் சாதாரணமாக.

பிறகு என் வீட்டுக்காரர் லாரிக்குப் போனார். நான் மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டோடு வந்துவிட்டேன். சிவகாசியில் ஒரு அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்கிற வேலை. அம்மா இன்னும் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். மகளை எங்கே விடுவது? அத்தையிடம் போய் நேராகவே கேட்டேன்.

"மருந்து வேல இன்னும் நடக்குதா அத்தே?"

"அதெல்லாம் விட்டாச்சுடி. முட்டி வலி. இப்ப அட்ட மட்டும்தான் ஒட்டுறேன்" என்றாள். முன்னறை மூலையில் பூச்சட்டிக்கான வெற்றுக் கூம்புகள் அடுக்கி இருந்தன. மருந்து இல்லாத வெறும் அட்டை. நான் நம்பினேன். நம்பாவிட்டால் வேலையை விட வேண்டும்.

தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம். ஒருநாள் மகள் சோறு தின்றபடி சொன்னாள்: "அம்மா, அத்த இன்னைக்கு என்னய வஞ்சாக. பாட்டு வந்துச்சா, நான் ஸ்கிப் குடுத்துட்டேன். ஏன்ட்டி பாட்டத் தாண்டுனன்னு வைறாக."

அத்தை வீட்டில் இப்போது நெட்டில் ஓடுகிற தட்டை டிவி. பாட்டு தொடங்கியதும் மூலையில் ஒரு கட்டம் வரும், அழுத்தினால் நேராகக் கதைக்குப் போய்விடலாம். எந்தப் பிள்ளைதான் அழுத்தாது? ஆனால் அட்டை ஒட்டுகிறவளுக்குப் பாட்டு எதற்கு?

மறுநாள் தலைவலி என்று சொல்லி வெயில் தாழ்வதற்குள் அச்சாபீசிலிருந்து கிளம்பிவிட்டேன். நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் டிவி முன்னால் கும்பலாக இருந்தார்கள். பாட்டு அப்போதுதான் தொடங்கியது. நடைக்கு அப்பால் சல்லடை அசைகிற சத்தம். ஸ்ஸ், ஸ்ஸ் என்று. கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அது கேட்கும். ஒரு பையன் ரிமோட்டை அழுத்தினான். பாட்டு அறுந்தது. சல்லடைச் சத்தம் நிற்கவில்லை. கதைக்குப் பின்னணியில் வருகிற வாத்தியத்தை அவள் பாட்டென்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கும்பலில் என் மகள் இல்லை. நடையில் இருந்தாள். கையில் காலி டம்ளரோடு சாக்கை விலக்கிக்கொண்டிருந்தாள்.

கத்தினால் அத்தையின் கை பதறும். ஓடினால் மகள் திரும்பி விளையாட்டு என்று உள்ளே ஓடுவாள். பெற்ற பிள்ளையைக் கூப்பிடக்கூட முடியாத அந்த நடையை நான் எப்படித் தாண்டினேனோ தெரியாது. பின்னாலிருந்து அவள் வாயைப் பொத்தித் தூக்கினேன். டம்ளர் மட்டும் விழுந்துவிடக் கூடாது என்று அதையும் சேர்த்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். சாக்கின் இடைவெளியில் அத்தை எங்களைப் பார்த்துவிட்டாள். அவள் கண் மட்டும்தான் அசைந்தது. சல்லடையை மெல்ல, முட்டையை வைப்பது போலத் தரையில் வைத்தாள்.

"வெளிய போ. ஓடாத. நடந்து போ" என்றாள் சின்னக் குரலில்.

கொஞ்சம் கழித்துக் கை கழுவிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"விட்டுட்டேன்னு சொன்னீகளே அத்தே!"

"விட்டுட்டு என்ன பண்ணச் சொல்ற? ஒன்ன மாதிரி கம்ப்யூட்டரத் தட்டவா? எனக்கு வேற என்னடி தெரியும்?"

"அப்ப பிள்ளைகள விடுங்க. ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கிட்டு..." அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அத்தை பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. "வராதீகலே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். தெரு அல்லாடிப் போனது. சீசன் நேரத்தில் லீவு போட்டால் கம்பெனியில் கார்டைக் கிழித்து வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஒருத்தி பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனாள். இன்னொருத்தியின் பையனை மெயின் ரோட்டில் லாரிக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அம்மாமார் கூட்டமாகப் போய் அத்தையிடம் நின்றார்கள். "நீங்களே கைய விரிச்சா நாங்க எங்க போவோம் அத்தே?" மருந்தைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். "அதெல்லாம் நம்ம ஊர்ல புதுசா?" என்று என் அம்மாவே என்னை அடக்கினாள்.

அத்தை எல்லோரையும் போகச் சொல்லிவிட்டுத் தச்சு வேலைக்காரனை வரவழைத்தாள். அவன் என்னோடு படித்தவன். அந்த முன்னறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவன். பின்னறைக்கு ஒரு கதவு போட வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க வேண்டும் என்றாள்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "மருந்து ரூமுக்கு எவனாச்சும் கதவு போடுவானா அத்தே? அதுவும் உள்தாப்பாளா? நாளப்பின்ன ஒண்ணுன்னா எப்படி வெளிய வருவீக?"

"அத நான் பாத்துக்கிறேன். இரும்பு மட்டும் ஒரு இடத்துல வரக் கூடாது, உரசுனா பொறி பறக்கும். ஆணியும் மரத்துலயே செஞ்சு அடி."

"வேண்டாம் அத்தே."

"பாட்ட நம்பினது போதும்டே. போடு" என்றாள்.

போட்டான். கீலுக்குப் பதில் மரக் குடுமி, தாழ்ப்பாளுக்குக் குறுக்கே தூக்கிப் போடுகிற ஒரு மரச் சட்டம். பிள்ளைகள் தள்ளிப் பார்த்தார்கள், கதவு அசையவில்லை. தெரு நிம்மதியானது. அந்தக் கதவுக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் தெரியாத ஆள் கிடையாது. வழியை அடைத்துக்கொண்டு ஒருத்தி உள்ளே உட்காரப் போகிறாள். ஆனாலும் எல்லோரும் பிள்ளைகளை அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன்.

அதன் பிறகு அத்தை பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பிள்ளைகள் தாண்டினால் தாண்டட்டும் என்று விட்டுவிட்டாள். "இப்ப அத்த வையிறதே இல்லம்மா" என்று மகள் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு அவள் திட்டிக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

தீபாவளிக்குச் சில நாட்கள் இருந்தன. மழை வருவது போல மூடி, வராமலே இருந்த ஒரு சாயங்காலம். அச்சாபீசில் யாரோ ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். நான் பஸ்ஸுக்கு நிற்கவில்லை, வந்த வண்டியை மறித்து ஏறினேன். தெருமுனையில் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. பின்னறைக் கூரை தெருவில் கிடந்தது.

மகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன். விக்கி விக்கிச் சொன்னாள். முதலில் தொப்பென்று ஒரு சத்தம். கதவுக்கு அடியில் புகை வந்தது. உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டாள்: "ஏலே, எல்லாரும் தெருவுக்குப் போங்க. கதவுகிட்ட எவனும் வராதீக, தொறந்தா தீ ஒங்க மேல பாயும். சின்னதுகளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க." என் மகள் கதவைத் தட்டியிருக்கிறாள். "போடின்னாக அம்மா. போயிட்டீகளா போயிட்டீகளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. நாங்க தெருவுக்கு வந்தப்பறமும் கேட்டாக. நாங்க போயிட்டோம்னு கத்துனோம். அதுக்கப்பறம்தான் பெரிசா வெடிச்சுது."

தீயணைப்புக்காரர்கள் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகும் தச்சு வேலைக்காரன் அந்தக் கரிக்குள் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போனேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அந்தத் தாப்பாச் சட்டத்தக் கனமே இல்லாமத்தானே இழைச்சேன்" என்றான். "ஒத்த விரல்ல தூக்கிறலாம். முட்டி வலிக்காரி, அவசரத்துக்கு வெளிய வரணுமேன்னு நெனச்சு நெனச்சு இழைச்சேன். ஒத்த விரல் போதும்."

போதும் என்று எனக்கும் தெரியும். அத்தை தூக்கவில்லை.